யாரும் கேள்வி கேட்காத ஒரு கூட்டம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்கு நடுவில் படிக்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்டு முடித்து நிதானமாகப் படியுங்கள். மாணவர்களுக்கு இது ஒரு அறிவியல் பாடம். உறவினர்களுக்கு இதில் நம் வீட்டு விஷயமும் இருக்கிறது.

அல்சைமர் என்ற பெயரை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மறதி நோய் என்கிறோம். அது ஒரு டாக்டரின் பெயர். அலோய்ஸ் அல்சைமர், ஜெர்மனிக்காரர், 1864இல் பிறந்தவர். அந்த நோயைப் பற்றி அவர் முதன்முதலில் பேசிய கூட்டம் 1906 நவம்பர் 3ஆம் தேதி டூபிங்கன் என்ற ஊரில் நடந்தது. தென்மேற்கு ஜெர்மனியின் மனநல மருத்துவர்கள் கூடிய 37ஆவது கூட்டம் அது. 90 பேருக்கு அருகில் வந்திருந்தார்கள்.

அல்சைமர் பேசியது அவுகுஸ்டே டேட்டர் என்ற ஒரு பெண்மணியைப் பற்றி. கணவர் ரயில்வேயில் எழுத்தர். அந்த அம்மாளை 1901 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் சேர்த்தபோது வயது 51தான். முதலில் தெரிந்த குறி மறதிகூட இல்லை, சந்தேகம். கணவர் மேல் காரணமில்லாத சந்தேகம். பிறகுதான் சமையலில் தடுமாற்றம், பொருளை எங்கேயோ ஒளித்து வைப்பது, சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் நிற்பது என்று ஒவ்வொன்றாக வந்தன.

அந்த மருத்துவமனையில் அல்சைமர் டாக்டராக இருந்தார். அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். பதிலை அப்படியே எழுதிக்கொண்டார். தப்பான பதிலையும் திருத்தாமல் எழுதினார். உங்கள் பெயர் என்ன என்று கேட்டால் அவுகுஸ்டே என்பார். குடும்பப் பெயர் கேட்டாலும் அவுகுஸ்டே. கணவர் பெயர் கேட்டாலும் அவுகுஸ்டே என்றுதான் நினைக்கிறேன் என்பார். பென்சில், பேனா, சாவி என்று எடுத்துக் காட்டினால் சரியாகச் சொல்வார். சற்று நேரம் கழித்துக் கேட்டால் என்ன காட்டினார்கள் என்பதே நினைவில் இருக்காது. பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும் சாப்பிட்டுக்கொண்டே, கீரை சாப்பிடுவதாகச் சொன்னார். பெயரை எழுதச் சொன்னால் 'திருமதி' என்று எழுதிவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் நின்றுவிட்டார். தன்னையே தொலைத்துவிட்டதாக அவர் சொன்னதையும் அல்சைமர் குறித்து வைத்தார்.

இந்தக் கேள்வி பதில் குறிப்புகள் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. 1995 கடைசியில்தான் ஃபிராங்க்ஃபர்ட்டில் பழைய கோப்புகளுக்கு நடுவே அந்தக் கட்டு கிடைத்தது. அந்த அம்மாளின் கையெழுத்துப் பார்த்த தாளும் அதில் இருந்தது. நாற்பது பிள்ளைகளின் கையெழுத்தை வருஷம் முழுக்கப் பார்த்து வந்த எனக்கு, பாதியில் நின்றுபோன அந்தக் கையெழுத்தின் படம் மனதை என்னவோ செய்தது.

அல்சைமர் 1903இல் ஃபிராங்க்ஃபர்ட்டை விட்டுப் போய், பிறகு மியூனிக் நகரில் எமில் கிரேப்பெலின் என்ற பெரிய பேராசிரியரிடம் சேர்ந்தார். ஆனாலும் அந்த நோயாளியை மறக்கவில்லை. 1906 ஏப்ரல் 8ஆம் தேதி அந்த அம்மாள் இறந்தபோது, நோய்க் குறிப்புகளும் மூளையும் மியூனிக்கில் இருந்த அவருக்கு அனுப்பி வைக்கப்பட்டன.

மூளையை நேராகப் பார்த்தால் அது சுருங்கியிருப்பது தெரியும், அவ்வளவுதான். உள்ளே என்ன நடந்தது என்று தெரிய, மிக மெல்லிய சீவலாக அறுத்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இந்தப் படிப்புக்குத்தான் நியூரோபேத்தாலஜி, அதாவது நரம்பு நோயியல் என்று பெயர். அப்போது மாக்ஸ் பீல்ஷோவ்ஸ்கி என்பவர் புதிதாக ஒரு சாயமுறை கண்டுபிடித்துச் சில வருஷங்களே ஆகியிருந்தன. அதற்கு வெள்ளி நைட்ரேட் வேண்டும்.

வெள்ளி நைட்ரேட் என்றதும் எட்டாம் வகுப்புப் பரிசோதனை ஞாபகம் வருகிறதா? உப்புக் கரைசலில் இரண்டு சொட்டு விட்டால் தயிர் போல வெள்ளையாகத் திரளும். கையில் பட்டால் கறுத்துவிடும் என்று உங்களைத் தொடவே விடமாட்டேன். ஆனால் எலெக்‌ஷன் டியூட்டிக்குப் போனால் நானே நூற்றுக்கணக்கான பேருடைய விரலில் அதை வைப்பேன். ஓட்டுப் போடும்போது வைக்கும் அழியாத மையில் இருப்பது இதே வெள்ளி நைட்ரேட்தான். தோலில் பட்டு வெளிச்சம் பட்டதும் கறுத்து ஒட்டிக்கொள்ளும். மூளைச் சீவலிலும் வெள்ளி அப்படித்தான் சில இடங்களில் மட்டும் ஒட்டிக் கறுக்கும். கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது தெரிய வரும்.

அல்சைமர் கண்டது இரண்டு. ஒன்று, நரம்புச் செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய இழைகள் தடித்து, முறுக்கிக்கொண்டு, சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி கிடந்தன. சில இடங்களில் செல்லே அழிந்துபோய் அந்தச் சிக்கு மட்டும் மிச்சமிருந்தது. இரண்டாவது, செல்களுக்கு வெளியே ஏதோ ஒரு பொருள் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. நம் ஊர் வாய்க்காலில் வண்டல் படிவதை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்தச் சிக்கில் இருப்பது டௌ என்ற புரதம், அந்தத் திட்டில் இருப்பது அமிலாய்டு என்ற புரதம் என்று தெரியும். அன்றைக்கு அவருக்கு அது தெரியாது. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். அல்சைமர் பேசி முடித்தார். படங்களைக் காட்டினார். கேள்வி உண்டா என்று பார்த்தால் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவர்கள் ஒன்றும் சாதாரண ஆட்கள் இல்லை, அந்தக் காலத்தின் பெரிய மருத்துவர்கள். ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் மனப்பகுப்பாய்வு பற்றி வாதம் செய்வதில்தான் ஆர்வம். அல்சைமரின் பேச்சுக்கு விவாதமே இல்லாமல் கூட்டம் அடுத்ததற்குப் போய்விட்டது.

ஆசிரியர்களுக்கு இந்த அமைதி நன்றாகத் தெரியும். பாடம் முடித்து, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் வகுப்பே கப்சிப் என்று இருக்கும். எல்லாம் புரிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. எங்கே தொட்டுக் கேட்பது என்று தெரியாதபோதும் பிள்ளைகள் பேசாமல்தான் இருப்பார்கள். டூபிங்கனில் நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். மனக்கோளாறு என்று எல்லோரும் நினைத்த ஒன்றை, இதோ பாருங்கள், கையால் தொடக்கூடிய உறுப்பில் தழும்பு இருக்கிறது என்று ஒருவர் காட்டுகிறார். அதை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்த வருஷமே டிசம்பரில் நரம்பு மண்டலத்தின் அமைப்பை ஆராய்ந்ததற்காக கோல்ஜி, கஹால் என்ற இருவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்களும் வெள்ளிச் சாயத்தை வைத்துத்தான் நரம்புச் செல்லைக் கண்டார்கள். அல்சைமர் 1907இல் தன் கட்டுரையைச் சிறியதாக அச்சிட்டார். 1910இல் கிரேப்பெலின் தன் பாடப்புத்தகத்தில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயர் வைத்தார். 1915இல் அல்சைமர் இறந்துவிட்டார். வயது 51. அவுகுஸ்டே அம்மாள் மருத்துவமனைக்கு வந்தபோது இருந்த அதே வயது.

அதற்குப் பிறகும் ஐம்பது வருஷத்துக்கு மேல், இது நடுவயதில் சிலருக்கு வரும் அபூர்வ நோய் என்றுதான் நினைத்தார்கள். எழுபது, எண்பது வயதில் ஒருவருக்குப் புத்தி தடுமாறினால் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிட்டார்கள். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் என்ற மூவர் சேர்ந்து வேலை செய்தார்கள். முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களுடைய நினைவாற்றலுக்கு மதிப்பெண் போட்டு வைத்தார்கள். இறந்த பிறகு மூளையில் அந்தத் திட்டுகளை எண்ணினார்கள். 1968இல் வெளியிட்டார்கள். திட்டு கூடக் கூட மதிப்பெண் குறைந்திருந்தது. அதாவது பெரியவர்களின் கடுமையான மறதியும் பெரும்பாலும் அல்சைமர் கண்ட அதே நோய்தான். வயது ஒரு காரணம், ஆனால் வயதே நோயாகிவிடாது.

இன்னொரு ஆராய்ச்சியையும் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் அது முழுக்க நம் இனத்தார் பற்றியது, டீச்சர்கள்! அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்பவர் 1986இல் தொடங்கியது. நோட்ரடாம் சபைக் கன்னியாஸ்திரிகள் 678 பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர்கள். வருஷா வருஷம் தேர்வு எழுதவும், இறந்த பிறகு மூளையைக் கொடுக்கவும் சம்மதித்தார்கள். சிஸ்டர் மேரி என்பவர் 101 வயதுக்கு மேல் வாழ்ந்தார். கடைசிவரை நினைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண். ஆனால் மூளையைப் பார்த்தால் சிக்குகளும் திட்டுகளும் நிறைய இருந்தன! தழும்பு இருந்தும் சிலர் தாக்குப் பிடிக்கிறார்கள். ஏன் என்பதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மூளையைத் தந்திராவிட்டால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

நம் நாட்டிலும் பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளைத் திசு வங்கி இருக்கிறது. அங்கே ஒரு மூளை அருங்காட்சியகமும் உண்டு. பாடம் செய்த மனித மூளையைப் பார்வையாளர்கள் கையில் ஏந்திப் பார்க்கலாம். குழந்தைகளை அழைத்துப் போங்கள்.

இதையெல்லாம் நான் படிக்கத் தொடங்கக் காரணம் என்னிடம் எட்டாவது வரை படித்த ஒரு பெண். இப்போது ஒரு மருத்துவக் கல்லூரியில் பேத்தாலஜி லேப் டெக்னீஷியன். பேர் போட வேண்டாம் டீச்சர் என்று சொல்லிவிட்டாள். மூளையை வாரக்கணக்கில் ஃபார்மலினில் ஊறவைத்து, துண்டுகளை மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற கருவியில் சீவி எடுக்கிறாள். ஒரு சீவல், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்குமாம். தண்ணீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தி எடுக்க வேண்டும். வகுப்பில் கிராஃப் போடச் சொன்னால் கோடு கோணாமல் போட்ட பிள்ளை அவள். அந்தக் கை வீணாகவில்லை.

அவர்கள் கல்லூரியில் நடக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றியும் சொன்னாள். சி.பி.சி. என்பார்களாம். இறந்துபோன ஒரு நோயாளியின் கதையை முதலில் வாசிப்பார்கள். என்ன தொந்தரவு, எப்போது தொடங்கியது, என்ன பரிசோதனை என்று எல்லாம். ஒரு டாக்டர் எழுந்து, இது இன்ன நோயாக இருக்கும் என்று காரணத்தோடு சொல்வார். கடைசியில் பேத்தாலஜி டாக்டர் எழுந்து ஸ்லைடைத் திரையில் போடுவார். சில நாள் முதலில் பேசியவர் சொன்னது சரியாக இருக்கும். சில நாள் பெரிய டாக்டர் சொன்னதே தப்பாக இருக்கும். "நாம பேப்பர் திருத்துற மாதிரிதான் டீச்சர். ஆனா மார்க் கம்மியானா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, எல்லாரும் நோட்டுல எழுதிப்பாங்க" என்றாள். இன்றைய அந்த அறையில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லையாம். கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

அவள் சொன்ன முக்கியமான இன்னொரு விஷயம், மறதி எல்லாம் அல்சைமர் இல்லை. ரத்தக்குழாய் அடைப்பால் வருவது உண்டு. லூவி என்ற டாக்டர் 1912இல் கண்டு சொன்ன வேறு வகைப் படிவால் வருவது உண்டு. பி12 சத்துக் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் தேங்கிய ரத்தம் என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. அதனால் "வயசாச்சு" என்று வீட்டிலேயே முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள். முன்பெல்லாம் அல்சைமர் என்று உறுதியாகச் சொல்ல, இறந்த பிறகு மூளையைப் பார்த்தால்தான் முடியும். இப்போது சிறப்பு ஸ்கேன், முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை எல்லாம் வந்துவிட்டன. 2025இல் அமெரிக்காவில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் அனுமதி கொடுத்தார்கள். முழுதாகக் குணமாக்கும் மருந்து மட்டும் இன்னும் வரவில்லை.

இனி உறவினர்களுக்கு.

என் பெரிய அக்காவுக்கு வயது 74. நம் சொந்தத்தில் யாருடைய நட்சத்திரம் கேட்டாலும் பஞ்சாங்கம் பார்க்காமல் சொன்னவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தொடங்கிய மறதியை டாக்டர்கள் எல்லாப் பரிசோதனையும் செய்து அல்சைமர் என்று சொல்லிவிட்டார்கள். உங்களில் பலருக்கு இது தெரியும். தெரிந்தும் போன மாதம் வளைகாப்பில் நடந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்கா பந்தியில் உட்கார்ந்து எல்லோர் காதிலும் விழும்படி, "எனக்கு ரெண்டு நாளா யாரும் சோறு போடலை" என்றாள். அன்று காலை ஏழு மணிக்கு அவளுக்கு இட்லி ஊட்டிவிட்டுத்தான் மருமகள் தலை சீவிக்கொண்டாள். அதை நான் கண்ணால் பார்த்தேன். பந்தியில் யாரும் அக்காவின் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மருமகளைத்தான் பார்த்தார்கள். "பெத்த பொண்ணா இருந்தா இப்படி விடுவாளா?" என்று ஒருவர். "வளையலைக்கூட வாங்கி வெச்சுக்கிட்டாளாம்" என்று இன்னொருவர். அந்த வளையலை அக்காவே அரிசி டப்பாவுக்குள் வைத்து மறந்தது, மறுவாரம் கிடைத்தது, இதெல்லாம் சொன்னவருக்கும் தெரியும். நான் அங்கேயே பதில் சொன்னேன். கூட்டத்தில் காதில் ஏறவில்லை. அதனால் எழுத்தில் சொல்கிறேன்.

அக்கா பொய் சொல்லவில்லை. மருமகளும் பட்டினி போடவில்லை. இரண்டுமே உண்மை. ஜெர்மனியில் பிராக் தம்பதியர் 83 மூளைகளை ஆராய்ந்து 1991இல் ஒன்று சொன்னார்கள். அந்தச் சிக்கு மூளையில் கண்ட இடத்தில் தொடங்குவதில்லை. புது விஷயத்தை நினைவில் சேர்த்து வைக்கும் பகுதியில்தான் பெரும்பாலும் முதலில் தொடங்கி, படிப்படியாக மற்ற இடங்களுக்குப் பரவுகிறது. அதனால்தான் அக்காவுக்குத் தன் கல்யாணத்தில் யார் சமையல் என்பது ஞாபகம் இருக்கிறது, காலையில் சாப்பிட்ட இட்லி ஞாபகம் இல்லை. அழிந்துபோனது என்றுகூடச் சொல்ல முடியாது. அது எழுதப்படவே இல்லை. கரும்பலகை ஈரமாக இருந்தால் சாக்பீஸ் பிடிக்குமா? எழுதிய ஆளைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

சந்தேகமும் அப்படித்தான். அவுகுஸ்டே அம்மாளுக்கு முதலில் வந்த குறியே சந்தேகம் என்று மேலே எழுதினேன் அல்லவா? வைத்த இடம் நினைவில்லாதபோது, யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் மனது கணக்குப் போடும். பக்கத்திலேயே இருப்பவர் மேல்தான் பழி விழும். நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பது யார்? பார்த்துக்கொள்பவள்தான். அக்கா மருமகளைத் திருடி என்று சொல்வது அவள் மூளையில் உள்ள தழும்பு. நீங்கள் அதையே திருப்பிச் சொன்னால் அது என்ன? உங்களுக்குத்தான் எந்தத் தழும்பும் இல்லையே?

இன்னொன்று. வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் அக்காவிடம், "நான் யாருன்னு சொல்லு பாக்கலாம்?" என்று கேட்கிறீர்கள். அவள் விழிக்கிறாள். நீங்கள் சிரிக்கிறீர்கள். அல்சைமரும் கேள்வி கேட்டார். அவர் தெரிந்துகொள்ளக் கேட்டார். நாம் வேடிக்கை பார்க்கக் கேட்கிறோம். இனிமேல் வரும்போது நீங்களே பெயரைச் சொல்லிவிடுங்கள். "பெரியம்மா, நான் உங்க தங்கச்சி மகன், மன்னார்குடியிலேர்ந்து வந்திருக்கேன்" என்று. பழைய கதை எதையாவது எடுத்துவிடுங்கள். அதில் அவள் இன்னும் நம்மைவிடக் கெட்டிக்காரி.

வருகிற பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வருகிறீர்கள். நான் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். போகி அன்று மருமகள் தன் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வரப் போகிறாள். மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை. அந்த மூன்று நாளும் அக்காவை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து வாசல் கதவைத் திறப்பாள், பக்கத்தில் ஆள் படுக்க வேண்டும். முதல் ராத்திரி என் பொறுப்பு. இரண்டாவது, மூன்றாவது ராத்திரிக்கு ஆள் வேண்டும். வளையலைப் பற்றிப் பேசியவர்கள் முதலில் பெயர் கொடுத்தால் நல்லது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அக்கறை இருப்பதால்தானே அன்று அவ்வளவு பேசினீர்கள்!

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டிலும் இப்படிப் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் கீழே எழுதுங்கள். எந்த டாக்டரிடம் காட்டினீர்கள், ராத்திரியை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும். சந்தேகம் இருந்தால் தாராளமாகக் கேளுங்கள். எனக்குத் தெரியாததை அந்த லேப் பெண்ணிடம் கேட்டுச் சொல்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்